அத்தைக்கு எல்லாவற்றிலும் ஒரு கருத்து இருந்தது

என் வயதுக்காரர்களுக்குச் சொன்னால் புரியும். இப்போதெல்லாம் யாராவது கருத்துச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்கு உடம்பு அசந்துபோகிறது. தங்கை மகன் வருவான். செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிடுவான். புதுப் போன், புது பைக், நேற்று டெல்லியில் நடந்தது, நாளை அமெரிக்காவில் நடக்கப்போவது. மாடம்பாக்கத்தில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி லிப்டில்கூட இரண்டு பையன்கள் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே ஏறுவார்கள். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு, எந்த மாடி வந்தது என்று எண்களைப் பார்த்தபடி நிற்பேன். எல்லாம் கேட்டாயிற்று என்று தோன்றும். எந்த வண்டி வந்தால் என்ன, எந்த ஆட்சி போனால் என்ன, காலையில் தண்ணீர் லாரி வந்தால் போதும் என்கிற இடத்துக்கு நானும் வந்துவிட்டேன். நீங்களும் வந்திருப்பீர்கள்.

எனக்குத் தெரிந்து இப்படிப் பேசிய முதல் ஆள் பையன் இல்லை. என் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. நாம் டவுசரும் பாவாடையுமாகத் திரிந்த காலத்தில், கிழக்குத் தாம்பரத்தில், எங்கள் வாடகை வீட்டின் இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பற்றிப் பேசியவள்.

அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘சார்’. அவருடைய அப்பாவும் அம்மாவும் சீக்கிரம் போய்விட்டதால் அத்தையை வளர்த்தது, படிக்கவைத்தது எல்லாம் அவர்தான். அத்தை பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அந்தக் காலத்தில் ‘வீட்டில் இருக்கிறாள்’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்பா பள்ளி நூலகத்திலிருந்து ஆங்கிலப் பத்திரிகைகளைக் கொண்டுவருவார். அவர் பிரிப்பதற்கு முன்பே அத்தை படித்து முடித்திருப்பாள். தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் ஒன்று இருந்தது. அந்தத் தோலில் வியர்வையும் பவுடரும் கலந்த ஒரு வாசனை. அதைக் காதோடு வைத்துக்கொண்டு வெளிநாட்டுத் தமிழ் ஒலிபரப்பில் செய்தி கேட்பாள். சிற்றலையில் இரைச்சல் ஏறி இறங்கும். மழைக்காலத்தில் தவளைச் சத்தமும் அதோடு சேர்ந்துகொள்ளும். கேட்டு முடித்ததும் அம்மாவிடம் வந்து, “அண்ணி, இந்தச் சண்டை இப்போதைக்கு நிக்காது, பாருங்க” என்பாள். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, “எந்தச் சண்டைம்மா?” என்று கேட்பாள்.

அத்தை சொன்னதெல்லாம் சரியாக இருந்ததென்று நினைத்துவிடாதீர்கள். பாதிக்குப் பாதி தப்பு. கலர் டிவி நம்ம ஊரில் எடுபடாது, கண் கெட்டுப்போகும் என்று ஜனங்கள் திரும்பக் கறுப்பு வெள்ளைக்கே வந்துவிடுவார்கள் என்றாள். கால்குலேட்டர் வாட்ச் கட்டாத ஆளே இருக்கமாட்டான் என்றாள். ஆனால் சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். புருவம் இரண்டும் மேலே போகும். கை, காற்றில் ஒரு இன்ஜினையே பிரித்துப்போட்டு மாட்டும். எனக்கு அப்போது ஒன்பதோ பத்தோ. ஸ்ட்ரோக் என்றால் என்ன, கியர் என்றால் என்ன என்று ஒன்றும் தெரியாது. ஆனாலும் கேட்டில் ஏறி ஆடிக்கொண்டே கேட்பேன்.

அந்த வருஷம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. சேலையூர் ஏரி நிரம்பி, எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். மழை விட்ட ஒரு நாளில்தான் எதிர்வீட்டு பேங்க் சார் புது பைக் எடுத்தார். ஜப்பான்காரனோடு கூட்டுச் சேர்ந்து செய்த நூறு சிசி வண்டி. நினைவிருக்கிறதா உங்களுக்கு? அதற்கு முன் நாம் பார்த்ததெல்லாம் எருமை மாதிரி கனத்த வண்டிகள். இது சிவப்பாக, ஒல்லியாக, வெட்டுக்கிளி போல நின்றது. டேங்க்கில் பாலித்தீன் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஆயில் கலந்த பெட்ரோல் புகை தெருவெல்லாம் நீலமாக நின்றது. எனக்கு அந்த வாசனை பிடிக்கும். இன்றைக்கு எந்த வண்டியிலும் அது இல்லை.

பேங்க் சார் அத்தையைப் பார்த்து, “என்னம்மா, எப்படி நம்ம வண்டி?” என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்டதுதான். அத்தை கேட்டைத் திறந்துகொண்டு, தண்ணீரில் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி அருகில் போய்விட்டாள். சுற்றிப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள்.

“பாக்க நல்லாத்தான் இருக்கு சார். பிக்கப்பும் இருக்கும். ஆனா கொஞ்சம் பொறுத்திருக்கலாம். இது டூ ஸ்ட்ரோக். பெட்ரோல்ல ஆயிலைக் கலந்து ஊத்துற கதையெல்லாம் இனிமே ரொம்ப நாளைக்கு இல்ல. சின்ன வண்டியிலேயே ஃபோர் ஸ்ட்ரோக் வருது. அது வந்துட்டா இதை யாரும் சீந்தமாட்டாங்க.”

பேங்க் சார் சிரித்தார். அவர் மனைவி தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை டயருக்கடியில் வைத்துவிட்டு அப்போதுதான் நிமிர்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. சாயங்காலமே அம்மாவிடம் வந்து, “ஒரு நல்ல காரியம் பண்ணும்போது உங்க நாத்தனார் இப்படியா பேசறது?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதுபோல நிறைய. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்து ஆண்கள் வேப்பமரத்தடியில் நின்று தேர்தல் பேசினால், பெண்கள் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் வரும். “அந்தத் தொகுதியில அவங்க ஜெயிக்கவே மாட்டாங்க அங்கிள்.” போதகர் ஒரு நல்ல மனிதர். “நீ சட்டசபைக்கே போயிடலாம்மா” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அத்தை அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீடு வரைக்கும் சந்தோஷமாக நடந்துவருவாள். அப்பா முன்னால் குடையை ஊன்றிக்கொண்டு வேகமாகப் போவார்.

அப்பாவுக்குக் கோபமில்லை. இன்றைக்கு நினைத்தால் அது பயம் என்று தெரிகிறது. அதற்கு முன் ஒரு கல்லூரி விரிவுரையாளர் வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த மாப்பிள்ளை கம்ப்யூட்டரைப் பற்றி ஏதோ சொல்ல, அத்தை “அப்படி இல்லங்க” என்று தொடங்கிவிட்டாள். அதன்பிறகு அவர்களிடமிருந்து தகவலே இல்லை. தாய் தகப்பன் இல்லாத பெண்ணைக் கரையேற்றவில்லை என்ற பேர் வந்துவிடுமோ என்று அப்பா சரியாகத் தூங்குவதில்லை என்று அம்மா பிற்பாடு சொன்னாள்.

அந்த மழைக்காலத்திலேயே பம்மல் மாப்பிள்ளை வந்தார்.

சபையில் தெரிந்தவர்கள் மூலமாக வந்த சம்பந்தம். பம்மலில் ஒரு தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவருடைய அம்மாவும் அண்ணனும் டாக்ஸியில் வந்து இறங்கினார்கள். அவர் மட்டும் பின்னாலேயே தன் பைக்கில் வந்தார், மழைக்கோட்டோடு. பழைய காலத்துக் கனமான வண்டி. சத்தம் முதலில் வந்தது, வண்டி அப்புறம் வந்தது. சமையலறையில் அம்மாவுக்கு உதவிக்கொண்டிருந்த அத்தையின் தலை தானாக ஜன்னல் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள்.

“இன்னைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் கண்ணுல்ல” என்று அம்மா அத்தையின் முகவாயைப் பிடித்துக் கெஞ்சினாள்.

அத்தை அப்படியே இருந்தாள். காப்பி கொடுத்தாள், தலை குனிந்து உட்கார்ந்தாள், ஒரு பாமாலைப் பாட்டுப் பாடச் சொன்னார்கள், பாடினாள். மாப்பிள்ளையின் அம்மா திருப்தியாகத் தலையாட்டினார். அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கூட வந்திருந்த போதகர் ஜெபம் செய்து முடித்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்து, எல்லோரும் கேட் வரைக்கும் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வண்டியை உதைத்தார். அது ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. மறுபடி உதைத்தார். நின்றது. மறுபடியும்.

வாசல் நிலையில் நின்றிருந்த அத்தையின் கை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது. பிறகு முறுக்குவது நின்றது.

“பிளக்ல தண்ணி போயிருக்கும். கழட்டித் தொடச்சுப் போடுங்க.”

எல்லோரும் திரும்பினார்கள். மாப்பிள்ளையும் நிமிர்ந்தார். அப்போதுதான் அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்தேன். மழைத்துளி மீசையில் நின்றது. அவர் குனிந்து டேங்க்கின் அடியில் கையை விட்டுக் குழாயைத் திருகினார்.

“பிளக் இல்லங்க. பெட்ரோல் டாப்பைத் திறக்க மறந்துட்டேன்.”

“மறந்துட்டீங்களா? அதை மறக்கிறவங்களுக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய வண்டி? இது தேருங்க. இதை உதைச்சு எழுப்புறதுக்குள்ள பீச் ஸ்டேஷன்ல இருந்து ரயிலே வந்துடும்.”

“ரயிலு நமக்காக நிக்குமா? இது நிக்குமே.”

“அதான் நிக்குதே. போற எடத்துலெல்லாம் நிக்குது.”

அவர் சிரித்தார். சாதாரணச் சிரிப்பில்லை, தலையைப் பின்னால் தள்ளிச் சிரித்தார். “அப்ப எந்த வண்டி வாங்கலாம், நீங்களே சொல்லுங்க” என்றார். அத்தை படி இறங்கிவிட்டாள். ஃபோர் ஸ்ட்ரோக், மைலேஜ், வரப்போகிற மாடல் என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் ஒரு காலை வண்டியின் மேல் போட்டபடியே, “லோடு இழுக்குமா? பல்லாவரம் மேட்டுல ரெண்டு பேரை வெச்சிக்கினு ஏறுமா?” என்று கேட்டார். “ரெண்டாவது ஆளு எவ்ளோ கனம்ங்கிறதைப் பொறுத்தது” என்றாள் அத்தை. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே புரிந்தது. முகம் குப்பென்று சிவந்து உள்ளே ஓடிவிட்டாள்.

டாக்ஸியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த மாப்பிள்ளையின் அம்மா, “இன்னா பொண்ணுப்பா” என்றார். அது என்ன மாதிரி ‘இன்னா பொண்ணு’ என்று யாராலும் சொல்ல முடியவில்லை. டாக்ஸி போய்விட்டது.

அன்றைக்கு இரவு சாப்பாட்டை அப்பா தொடவில்லை. இரண்டு மூன்று நாள் பம்மலிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். குழந்தையோடு போனால் முகத்திலடித்தாற்போலப் பேசமாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, என்னையும் கூட்டிக்கொண்டார்.

பஸ் பம்மலை நெருங்கும்போதே அந்த வாசனை வந்துவிடும். உப்புப் போட்ட தோல், சுண்ணாம்பு, சாக்கடை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அப்பா என் கையைத் தட்டிவிட்டார். “அவங்க வீட்டுல அப்படிப் பண்ணாதே.”

மாப்பிள்ளை முற்றத்தில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அப்பாவை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு, என்னை நிறுத்திக்கொண்டார். ஈரத் துணியைப் பிழிந்தபடியே கேட்டார்.

“உங்க அத்தை எப்பவும் இப்படித்தான் பேசுவாங்களா?”

“ஆமா.”

“வண்டியைப் பத்தி மட்டுமா?”

“இல்ல, எல்லாத்தைப் பத்தியும். ஆகாயத்துல ராக்கெட் போறது, எலெக்‌ஷன், டிவி ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினா சிலோன் தெரியும்ங்கிறது. எங்க தெருவுல எல்லாருக்கும் அத்தைதான் திருப்பச் சொல்லிக்கொடுத்தாங்க.”

“தெரிஞ்சுதா சிலோன்?”

“புள்ளி புள்ளியாத் தெரிஞ்சுது.”

அவர் மறுபடியும் அதேபோலத் தலையைப் பின்னால் தள்ளிச் சிரித்தார். “என் வண்டியைப் பத்தி வேற இன்னா சொன்னாங்க? அதுக்கப்புறம்?”

நான் யோசித்தேன். “சத்தம் நல்லா இருக்குன்னு சொன்னாங்க. அம்மாகிட்ட இல்ல. என்கிட்ட.”

அவர் துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அவர் கால்மேல் சொட்டியது. முகத்தில் இருந்தது என்ன என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது, ஆனால் பார்க்க நன்றாக இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு அவர் உள்ளே வந்தார். நானும் பின்னால் போனேன். உள்ளே அப்பா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

“அம்மா இல்லாம வளர்ந்த பொண்ணும்மா. கண்டிக்க ஆளில்ல. அது என் தப்பு. அன்னைக்கு அவ பேசினதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். இனிமே அப்படி இருக்கமாட்டா. வாயைத் திறக்கமாட்டா. அதுக்கு நான் பொறுப்பு.”

மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, “நாங்கோ அத பெருசா எடுத்துக்கல சார். சின்ன பொண்ணு. ஆனா நீங்களே வந்து சொல்றீங்கோ. அப்ப சரி. வூட்டுக்கு வர்ற பொண்ணு அடக்கமா இருந்தா யாருக்கு கசக்கும்?” என்றார்.

மாப்பிள்ளை வாசற்படியிலேயே நின்றுவிட்டார். ஏதோ சொல்லப்போகிறவர்போல வாயைத் திறந்தார். அப்பா எழுந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வயதில் பெரிய வாத்தியார், கண் கலங்கிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் யாரால்தான் என்ன சொல்ல முடியும்? அவர் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் நான் சொன்னேன், “அப்பா, அந்த மாமா அத்தை பேசினதைக் கேட்டுச் சிரிச்சாரு. நிறைய கேட்டாரு.” அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, “சிரிக்காம என்ன பண்ணுவாரு?” என்றார். வீட்டிலும் அதையே சொன்னேன். அம்மாவும் அப்பா சொன்னதையே சொன்னாள்.

அன்றைக்கு அப்பா அத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. அதனால்தானோ என்னவோ அத்தை அழவும் இல்லை. எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவர் என்ன சொன்னாரு அண்ணா?”

“அவருக்கும் அதுதான் விருப்பம்மா.”

அப்பா பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். தன் மனதில் இருந்ததை அந்த இளைஞரின் மௌனத்தின் மேல் ஏற்றி, அதையே உண்மை என்று நம்பினார். பெரியவர்கள் அப்படித்தான் நம் வாழ்க்கைகளை எல்லாம் முடித்துவைத்தார்கள், நல்ல எண்ணத்தோடு.

“சரிண்ணா” என்றாள் அத்தை.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் பழகத் தொடங்கிவிட்டாள். செய்தி நேரத்தில் டிரான்சிஸ்டர் மூடியே கிடந்தது. பேங்க் சார் வண்டியில் ஏதோ புது விளக்கு மாட்டிக்கொண்டு வந்து கேட்டின் முன்னால் நிறுத்தியபோது, “நல்லா இருக்கு சார்” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்துவிட்டுப் போனார். நான் கேட்டில் ஏறி ஆடுவதையும் விட்டுவிட்டேன். அங்கே கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

அப்புறம் வாழ்க்கை எல்லோருக்கும் போனதுபோலத்தான் போனது. அத்தையும் மாமாவும் பம்மலில் சில வருஷம் இருந்துவிட்டு, கூடுவாஞ்சேரியில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு பிள்ளைகள். மாமியார் படுக்கையில் கிடந்தபோது அத்தை பார்த்துக்கொண்டதைச் சொல்லாத ஆளில்லை. ‘வாய் செத்த பொண்ணு, தங்கமான மனசு’ என்பார்கள். அப்பா கடைசிக்காலத்தில் என்னிடம், “உங்க அத்தைக்கு ஒரு நல்ல எடம் பாத்துக் குடுத்தேன் பாரு, அது ஒண்ணு நான் உருப்படியாப் பண்ணது” என்று சொன்னார். நான் அவருக்குப் போர்வையை இழுத்துவிட்டேன்.

கூடுவாஞ்சேரி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். மாமா மாதாமாதம் மோட்டார் பத்திரிகை ஒன்று வாங்குவார். அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில், அத்தை உட்காரும் பக்கமாக வைப்பார். அத்தை அதை எடுத்து, தூசி தட்டி, அலமாரியில் அடுக்கிவிடுவாள். டிவியில் செய்தி ஓடும்போது மாமா அவளைத் திரும்பிப் பார்ப்பார். அவள், “தோசை போடட்டுமா?” என்பாள். நல்ல தம்பதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. சத்தமே இல்லை.

போன மாதம் அவர்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். முடிந்து கிளம்பியபோது மாமா என்னை ரயில் நிலையம் வரை கொண்டுவிட வந்தார். தொழிற்சாலை மெஷின் சத்தத்திலேயே இருந்ததாலோ, வயசாலோ, இப்போது அவருக்குக் காது ரொம்ப மந்தம். தான் பேசுவதே தனக்குக் கேட்காததால் உரக்கப் பேசுகிறார். கடைத்தெரு நெரிசலில் எங்களை உரசிக்கொண்டு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்று சத்தமில்லாமல் போனது. மாமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உங்க அத்தை இதைப் பத்தி இன்னா நினைக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாது” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “கேக்கலாமே மாமா” என்று அவர் காதருகே கத்தினேன்.

“எவ்வளவோ கேட்டேன்மா. கல்யாணமான புதுசுல தினமும் கேட்டேன். ‘உங்களுக்கு எது பிடிக்குதோ அதையே வாங்குங்க’ம்பாங்க. அந்தப் பழைய வண்டியை வித்துட்டு அவங்க அன்னைக்கு சொன்ன மாதிரியே ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கினேன். அதை ஓட்டிக்கினு வந்து வாசல்ல நிறுத்தி ஹாரன் அடிச்சேன். ‘நல்லா இருக்கு’ன்னாங்க. அவ்ளோதான்.” கொஞ்சதூரம் நடந்தார். “அன்னைக்கு உங்க வீட்டு வாசல்ல பேசினாங்க பாரு, அதைக் கேட்டுட்டுத்தான் எங்க அம்மாகிட்ட கட்டினா இவங்களைத்தான் கட்டுவேன்னு சொன்னேன். பதில் சொல்லியனுப்ப அம்மா ரெண்டு நாள் இழுத்தாங்க. அதுக்குள்ள உங்க அப்பா வந்துட்டாரு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா, அப்பாகிட்ட.”

“அழுதாரும்மா. பெரிய மனுஷன். அப்புறம் நானே கேட்டும் இவங்க வாயே திறக்கலைன்னதும், சரி, என்னைப் பிடிக்காமக் கட்டி வெச்சிட்டாங்க போலன்னு நினைச்சேன். பிடிக்காத ஆளுகிட்ட போய்ப் பேசு பேசுன்னா அது தொந்தரவில்லையா?”

ரயில் வந்துவிட்டது. அவர் கையை ஆட்டினார். நான் ஏறி உட்கார்ந்தேன். தாம்பரம் வரும்வரை எதிரில் இருந்த பெண் போனில் என்ன பார்த்துச் சிரித்தாளோ, எனக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை. எனக்குக் களைப்பாக இருந்தது. யார்மேல் கோபப்படுவது? அப்பா இல்லை. மாமாவின் அம்மா இல்லை. இருக்கிற இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை.

சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இந்த வயதில் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு மனம். பிறகு ஒரு காலையில் அத்தைக்குப் போன் போட்டு, மாமா சொன்னதை அப்படியே சொன்னேன். பம்மல் முற்றத்தில் நான் கண்டதையும் சேர்த்துச் சொன்னேன்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன், வைக்கவில்லை.

“அப்ப அவர் வாயால சொல்லலையா, பேசக்கூடாதுன்னு?”

“இல்ல அத்தை.”

“அண்ணன் சொன்னாரே.”

“அப்பாவா நினைச்சிக்கிட்டது அத்தை.”

குக்கரை இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் சொன்னாள், “இப்பப் பேசலாம்னா அவருக்குக் காது கேக்காதேடி.”

“காது மெஷின் வாங்கிக் குடுத்தாங்களே பசங்க?” என்றேன்.

“அது மெஷினா? அதைப் பத்திப் பேசாதே. பெரியவன் யாரோ சொன்னான்னு போய் வாங்கிட்டு வந்தான். சுத்தி இருக்கிற எல்லாச் சத்தத்தையும் ஒண்ணாப் பெருசாக்கிக் குடுக்குது. மிக்ஸி சத்தமும் மனுஷன் குரலும் அதுக்கு ஒண்ணு. அவர் எப்படி மாட்டுவாரு? இப்ப வர்றதெல்லாம் பேச்சை மட்டும் பிரிச்சு எடுத்துக் குடுக்குது. போன்ல இருந்தே கூட்டிக் குறைச்சுக்கலாம். ஒவ்வொரு காதுக்கும் எந்தச் சுருதி கேக்கலைன்னு டெஸ்ட் பண்ணி அதுக்கேத்த மாதிரி செட் பண்ணணும். ரெண்டு காதுக்கும் ஒரே மாதிரி வெச்சுக் குடுத்திருக்கான் அந்தக் கடைக்காரன். பேட்டரியும் தினம் மாத்துற டைப். சார்ஜ் போடுறதுதான் இவருக்குச் சரி, விரல் நடுங்குது இல்ல?”

மூச்சு விடாமல் சொன்னாள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். எதுவும் குறுக்கே பேசவில்லை. எங்கே படித்தாள், எப்போது படித்தாள்? அலமாரியில் அடுக்கிய பத்திரிகைகளில் காது மெஷின் வராது. கையிலிருக்கும் போனில், எல்லோரும் தூங்கும்போது, இத்தனை வருஷமும் தனக்குள்ளேயே கருத்துச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள்.

“இதையெல்லாம் பசங்ககிட்ட சொன்னீங்களா அத்தை?”

“இல்ல.”

“மாமாகிட்ட?”

பின்னால் மாமா எதையோ தேடுகிற சத்தம், எதுவோ கீழே விழுகிற சத்தம்.

“வெச்சுடறேன்” என்றாள். “அவர்கிட்ட பேசணும். கத்தித்தான் பேசணும், பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேக்கும்.”

“கேக்கட்டுமே அத்தை.”

“ம்” என்று வைத்துவிட்டாள்.